பர்மாக்காரம்மாவின் தனிக் கிண்ணம்

எங்கள் வீட்டில் சாமி சாப்பிடாமல் மனிதர்கள் சாப்பிட முடியாது. அப்பா அண்ணாமலையார் கோயிலில் குருக்கள். உச்சிகால பூஜை முடிந்து, நைவேத்தியம் ஆகி, அவர் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அம்மா இலை போடுவாள். அதற்குள் மணி ஒன்றரை தாண்டிவிடும். பள்ளிக்கூடத்திலோ பன்னிரண்டரைக்கு விட்டு ஒன்றேகாலுக்கெல்லாம் திரும்ப உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். அண்ணாமலையாருக்கும் எங்கள் தலைமையாசிரியருக்கும் நடுவில் என் வயிறு மாட்டிக்கொண்டது. மத்தியானம் இரண்டு வாழைப்பழம் வாங்கிக்கொள்ளச் சொல்லி அம்மா பத்துப் பைசா தருவாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வயதுப் பசிக்கு இரண்டு பழம் எந்த மூலைக்கு?

அறுபதுகளின் நடுவில் பர்மாவிலிருந்து தமிழர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய சமயம் அது. அப்படி வந்த ஒரு குடும்பம் தேரடிப் பக்கம் ஒரு தள்ளுவண்டி போட்டது. புருஷன், பெண்டாட்டி, அவளுடைய தங்கை. தடிமனான சேமியா மாதிரி மஞ்சளாக ஒன்றை வீட்டிலேயே செய்து வேகவைத்துக் கொண்டுவருவார்கள். பெண்டாட்டி அதில் முட்டைக்கோஸ், வறுத்த கடலைமாவு, புளித்தண்ணீர், வறுத்த வெங்காயம் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவாள். தங்கை இன்னொரு பக்கம் பெரிய பானையில் மீன் குழம்பைக் கொதிக்க வைத்துக்கொண்டிருப்பாள். அவர்கள் அதற்கு அத்தோ என்று பெயர் சொன்னார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பர்மா சேமியா என்று தங்களுக்குத் தோன்றிய பெயரை வைத்துக்கொண்டார்கள்.

பழத்துக்குத் தந்த பத்துப் பைசாவோடு நான் வண்டிமுன் போய் நின்ற முதல் நாளே, பிசைந்து தரும் அந்தப் பர்மாக்காரம்மா என்னைக் கேட்டாள், எந்த வீட்டுப் பெண் என்று. சொன்னேன். இலையோடு நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"இதெல்லாம் உங்களுக்கு ஆவாது பாப்பா. வீட்ல திட்டுவாங்க. போ."

நான் போகவில்லை. மறுநாளும் போய் நின்றேன், அதற்கடுத்த நாளும் நின்றேன். பிடிவாதத்தில் என்னை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. மூன்றாம் நாள் அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நான்காம் நாள் துணியில் சுற்றிய எவர்சில்வர் கிண்ணம் ஒன்று வண்டிக்கு வந்திருந்தது. கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, வேறு யாருக்கும் கலப்பதற்கு முன்னால் அதில் எனக்கென்று கலந்தாள். வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது. முட்டைக்கோஸும் கடலைமாவும் எலுமிச்சம்பழமும்தான். மந்தாரை இலையில் வைத்துக் கொடுத்தாள். இன்றைக்கும் நாக்கில் நிற்கிறது.

ஒரு மாதத்துக்கு மேல் இது நடந்தது. மற்றவர்கள் உறிஞ்சிக் குடிக்கும் குழம்பின் மேல் எனக்கு ஒரு கண். ஒரே ஒரு வாய் என்று கெஞ்சியிருக்கிறேன். அதில் மட்டும் அவள் அசையவே இல்லை. பானையின் ஆவிகூட என் இலைப்பக்கம் வராதபடி மறைத்துக்கொண்டு நிற்பாள்.

கார்த்திகை உற்சவத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சித்தப்பா என்னைப் பார்த்துவிட்டார். கையில் இலை, வாயில் சேமியா. அப்படியே தரதரவென்று வீட்டுக்கு இழுத்துவந்தார்.

அந்த வருஷ உற்சவத்தில் அப்பாவுக்குக் காப்பு, அதாவது உற்சவத்தை முன்னின்று நடத்தும் குருக்களுக்குக் கையில் கட்டும் மஞ்சள் கயிறு. பல வருஷம் காத்திருந்து கிடைத்த முறை. குருக்கள் வீட்டுக் குழந்தை மீன் தின்றது என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அந்தக் காப்பு வேறு ஒருவர் கைக்குப் போய்விடும். இது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கூடத்து மூலையில் இருந்த பிரம்புதான்.

"அவா கூப்பிட்டுக் கொடுத்தாளா, நீயாப் போய் வாங்கினியா?" என்று அப்பா கேட்டார்.

"அவாதான் கூப்பிட்டா."

"மீன் இருந்துதா அதுலே?"

இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இல்லை என்று சொன்னால், உனக்கெப்படித் தெரியும், எத்தனை நாள் போனாய் என்று அடுத்த கேள்வி வருமே. "தெரியாது" என்றேன். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டினாள். குழந்தையைக் கூப்பிட்டு மீனைக் கொடுத்தவளைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சித்தப்பா நாலு பேரோடு தேரடிக்குப் போனார். பானை கவிழ்ந்தது, வண்டிச் சக்கரம் உடைந்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலை பர்மாக்காரம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். படி ஏறாமல் தெருவிலேயே நின்றாள். முன்கையில் கொதிக்கும் குழம்பு பட்டுக் கொப்பளித்திருந்தது. அப்பா வாசலில் நின்றார். நான் அவருக்குப் பின்னால், கதவைப் பிடித்துக்கொண்டு. அவள் என்னைப் பார்த்தாள். இதோ சொல்லப்போகிறாள், நான் செத்தேன் என்று நினைத்தேன்.

"நான்தாங்க சாமி கூப்ட்டு குடுத்தேன். சின்னப் புள்ள, அதுக்கு இன்னா தெரியும்? ஆனா மீனு இல்லீங்க. அது கைல மீனு படவே இல்ல. தனிக் கிண்ணம் வெச்சி, கை கழுவிட்டுதான் தெனமும் கலந்து குடுப்பேன். அண்ணாமலையார் மேல சத்தியம்."

அப்பா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சித்தப்பா உள்ளேயிருந்து, அதான் மீன் இல்லை என்று சத்தியம் பண்ணிவிட்டாளே, அதை நாலு பேர் முன்னால் சொல்லச் சொல்லிவிட்டு அனுப்புங்கள் என்றார். அவள் சொன்னாள். பக்கத்து வீடுகளிலிருந்து வந்து நின்றவர்கள் கேட்டார்கள். அப்பாவின் காப்பு பிழைத்தது.

"இனிமே இந்தப் பக்கம் வண்டி போட வேண்டாம்" என்றார் அப்பா. அவள் கையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"சரிங்க சாமி" என்றாள். இரண்டடி போனவள் நின்றாள். "புள்ளைக்கு மத்தியானம் பசி தாங்க மாட்டேங்குது. வேளைக்கு சோறு மட்டும் குடுத்துடுங்க."

வேலூருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள் சிலர். மெட்ராஸ் என்றார்கள் சிலர். அதற்கப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை.

அப்பா என்னை அடிக்கவில்லை. அன்று மத்தியானம் சாப்பிடவும் இல்லை, வயிறு சரியில்லை என்று படுத்துக்கொண்டார். சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இலை போட்டுவிடு, நைவேத்தியத்துக்குக் காத்திருக்க வேண்டாம் என்றார். எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் கிடைக்காத சலுகை அது.

மறுநாள் பன்னிரண்டரைக்கு ஓடிவந்து, ஆவி பறக்கும் சாதத்தின் முன்னால் உட்கார்ந்தேன். நெய்கூட ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது. சாமர்த்தியமாகப் பொய் சொல்லி எல்லோரையும் ஏமாற்றிவிட்டேன், அப்பா என்னை நம்பிவிட்டார், அதனால்தான் இந்த உபசாரம் என்று அந்த ஒன்பது வயது மனசுக்குள் ஒரே குதியாட்டம். எனக்கு வைத்த அந்தச் சோறு, அப்பா அவளிடம் கேட்க முடியாமல் போன மன்னிப்பு என்று அன்றைக்குத் தெரியவில்லை. இன்னொரு கை சாதம் போடச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.