ஆற்றின் குறுக்கே ஒரு கம்பி

பதினெட்டு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். மலையகத் தோட்டப் பகுதியான டயகமவுக்குக் கீழே ஆற்றில் துடுப்புப் படகில் போன நாட்களும் அதில் உண்டு. சென்ற ஆடியில், மழை விட்ட மூன்றாம் நாள், மனைவியின் தம்பி ரவியோடு மறுபடி புறப்பட்டேன். நீர்மட்டம் முந்தைய ஆண்டுக் குறிப்போடு பொருந்தியது. “பாலம் வரை தடையில்லை” என்றும் அதில் எழுதியிருந்தேன்.

ஆற்றங்கரைத் தேநீர்க் கடைக்காரர் மட்டும், “கீழ் லயத்துல ஒரு வார்த்த கேட்டுட்டு எறங்குங்கண்ணே,” என்றார்.

ரவி சிரித்தான். “எங்க மச்சான் டயரிக்குத் தெரியாம இந்த ஆத்துல மீன்கூட ஓடாதுங்க!”

நானும் சிரித்தேன், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்தில் கேட்கவில்லை.

இரண்டாவது வளைவில் ஆற்றின் குறுக்கே கம்பி கட்டியிருந்தது. வெள்ளத்தில் மிதந்து வரும் விறகை மறிக்க லயத்து மக்கள் கட்டுவது. வெள்ளம் வடிந்ததால் நீருக்கு மேலே நின்ற, துருவேறிக் கலங்கல் நிறத்தில் இருந்த அதை, முன்னால் உட்கார்ந்திருந்த ரவியின் கழுத்தில் பட்ட பிறகே பார்த்தேன். படகு கவிழ்ந்தது. விறகெடுக்க வந்த பெண்கள் கயிற்றை வீசி எங்களைக் கரைக்கு இழுத்தார்கள்.

“பத்து நாளா கட்டிக் கெடக்குதுங்க. ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?” என்று ஒருவர் அழுதார்.

ரவி பிழைத்தான். குரல் மட்டும் திரும்பவில்லை.

இப்போது படகோடு வருபவர்கள் ஆற்றைப் பற்றிக் கேட்டால் நான் நாட்குறிப்பைத் திறப்பதில்லை. அன்று காலையே லயத்தில் விசாரித்து, பாலம் வரை கரையோரமாக நடந்து பார்த்த பிறகே பதில் சொல்கிறேன். ரவியும் எனக்கு முன்னால் நடப்பான். கம்பியைக் கண்டால் கை தட்டுவான்.