வளர்ப்பு சரியில்லை என்று எழுதியது நான்தான்

இன்று நாமக்கல் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், நம் கூடைப்பந்து வீராங்கனை பூங்கொடியின் தாயார்.

மலையூரான வளப்பூரிலிருந்து வெளிநாட்டு அணிவரை சம்பளத்துக்கு ஆடப் போனவள். ஒப்பந்தம் முடியுமுன் அணி மாறியதாக முன்பு ஒரு சர்ச்சை. இப்போது நடுவர்மீது பந்தை எறிந்ததற்காக ஓராண்டுத் தடை.

தாயார் கைபேசியில் மகளின் இணையப் பக்கத்தைக் காட்டி நீட்டினார்.

“ஏனுங்கம்மா, கண்ணாடிய மறந்துட்டேனுங்க. இவளப் பத்தி என்ன எழுதிருக்காங்கன்னு படிச்சுச் சொல்லுங்க. ஊர்ல பேசுவாங்கன்னு ஊட்டுக்கே வரமாட்டேங்கறா.”

எல்லாவற்றுக்கும் மேலே நின்றது, நேற்று நான் எழுதிய கருத்து: ‘ஆட்டம் கற்றவள் அடக்கம் கற்கவில்லை. வளர்ப்பு சரியில்லை.’ நானும் ஒரு காலத்தில் கான்வென்ட் அணியில் ஆடியவள் என்ற மிதப்பில் எழுதியது.

எழுத்தை மாற்றிப் படிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. மாற்றித்தான் படித்தேன்.

“கோபம் யாருக்குத்தான் வராது, நல்ல பொண்ணுன்னு எழுதியிருக்காங்கம்மா.”

“எழுதுனவங்க நல்லா இருக்கோணும்” என்றவர், அடுத்த வளைவு வருவதற்குள் மகளை அழைத்துவிட்டார். “வந்துரு சாமி. யாரும் தப்பாச் சொல்லலியாம்.”

வெள்ளிக்கிழமை வருகிறாளாம்.

என் கருத்தை நீக்கிவிட்டேன். அதைப் படமெடுத்துப் பகிர்ந்தவர்களும் நீக்கிவிடுங்கள். இந்தப் பதிவு நண்பர்களுக்கு மட்டும். அவளுடைய இணையப் பக்கத்தில் போய் ஆளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதுங்கள். நான் படித்துக் காட்டியது அங்கே இருந்தாக வேண்டும்.