ஒரு ஊர் ஒத்துக்கொள்ளவில்லை

நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனில் ஒரு பழைய கல்லூரிக் கட்டடத்தின் முன் நிற்கிறேன். புது நாடான அமெரிக்காவின் முதல் மத்திய அரசு சில மாதங்கள் இங்கே கூடியிருக்கிறது. போரை வென்று, சமாதானமும் பேசி முடித்த அரசு. ஆனால் வரி போட அதிகாரமில்லை. அந்த அதிகாரத்தைத் தரப் பதின்மூன்று மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். ஒரு குட்டி மாநிலம் மாட்டேன் என்றது. சண்டை போட்ட சிப்பாய்கள் சம்பளமில்லாமல் நின்றார்கள்.

இருநூறு வருடத்துக்கும் மேல் தாமதமாக எனக்குக் கோபம் வருகிறது. "என்ன அநியாயம் இது? ஒருத்தன் தலையாட்டலன்னா எல்லாரும் பட்டினியா?"

காரில் அழைத்துவந்த நண்பர் செந்தில் சிரிக்கிறார். "எங்க தமிழ்ச் சங்கக் கூட்டமைப்பும் அப்படித்தான் சார். எல்லா ஊரும் ஓகே சொல்லணும். பசங்க தமிழ் கிளாஸுக்கு ஹால் புக் பண்ண ஒரு ஊர் ஒத்துக்கல. இப்ப பார்க்ல நடக்குது. ஸ்நோ வந்தா கிளாஸ் க்ளோஸ்."

"ஏன் ஒத்துக்கலையாம்?"

"பொங்கல் போஸ்டர்ல அந்த ஊர் பிரசிடென்ட் போட்டோவைச் சின்னதாப் போட்டுட்டாங்க."

"யாருய்யா அந்தப் பெரிய மனுஷன்?"

செந்தில் போனில் போஸ்டரை எடுத்து நீட்டுகிறார். "நீங்களே சொல்லுங்க சார். ஸ்டாம்ப் சைஸ்ல போட்டா, இது நான்னு யாருக்குத் தெரியும்?"