வெளிக்கடலில் டவர் கிடைக்கவில்லை

அந்தச் செவ்வாய்க்கிழமை பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் இருந்தது நான், ஊத்துக்குளி சரசு அக்கா, ஒடிசாப் பெண் சுனிதா. மூன்றே பேர். நான் அழுத அழுகையை அவர்கள் இரண்டு பேரும் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரர் குமரிக் கடற்கரைக்காரர். திருப்பூர்ச் சாயப்பட்டறை அவர் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் பங்குனியில் ஊருக்குப் போய்த் தன் அண்ணன் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், எதற்கெடுத்தாலும் பயம். டவர் கிடைக்கிற தூரத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். தினமும் அதற்காகவே ஜெபித்தேன்.

அவர் மீறிவிட்டார். வெயிலில் கரைக்கடல் தண்ணீர் சூடாகி மீன் விலகிப் போயிருந்தது. கணவாய் வெளிக்கடலில்தான் கிடைக்கும் என்று அண்ணனும் தம்பியும் தூரம் போய்விட்டார்கள்.

செவ்வாய் காலை பதினோரு மணிக்கு நாத்தனார் போன் செய்தாள்.

"மைனி, கள்ளக்கடல் ஏறிட்டு. தெருவுக்குள்ள தண்ணி. அண்ணம்மாரு ரெண்டு பேரும் இன்னும் வரல்ல..."

காற்றே இல்லாமல் திடீரென்று கடல் கரையில் பொங்குவதைத்தான் கள்ளக்கடல் என்போம். அவள் சொல்ல வந்த மீதியைக் கேட்காமல் போனை வைத்துவிட்டு அவருக்கு அடித்தேன். உடனே கரைக்கு வாருங்கள் என்று சொல்ல வேண்டும். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி அடித்தேன். அதே பதில்.

"ஏனுங்க, அழுதா டவர் வருங்களா? உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிங்க" என்றார் சரசு அக்கா. சுனிதா என் பீஸ்களையும் சேர்த்துப் பார்த்தாள்.

கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால் போட்டேன். ஆண்டவரே, ஒரே ஒரு ரிங் போகட்டும், வேறொன்றும் கேட்க மாட்டேன் என்றேன். போகவில்லை. அன்று முழுக்கப் போகவில்லை. ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். ராத்திரி வீட்டில் சோறு கேட்ட என் பிள்ளையை அடித்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் என் வீட்டுக்காரரே கூப்பிட்டார். பக்கத்துத் துறைமுகத்தில் இறங்கிவிட்டாராம்.

"வெளிக்கடல்ல ஒண்ணுமே தெரியல்லட்டி. வள்ளத்த மெல்லத் தூக்கித் தூக்கி வச்சுது, அவ்வளவுதான். சாயங்காலம் ஒரு விசைப்படகுக்காரன்தான் வந்து சொன்னான், கரைக்குப் போகாத, இங்கயே கெடன்னு."

"காலையில என் போன் கிடைச்சிருந்தா?"

"வந்திருப்பேன். கடலுக்குப் பயந்தில்ல, ஒனக்குப் பயந்து."

நான் போன் அடித்த அந்த நேரத்தில் கரையேற வந்த இரண்டு வள்ளங்கள் அலையில் கவிழ்ந்தன. ஒருவருக்கு இடுப்பு முறிந்தது. யாரையும் கரைக்குக் கூப்பிடாதே என்பதுதான் நாத்தனார் சொல்ல வந்த மீதி.

என் வாயாலேயே அவரைச் சாவுக்குக் கூப்பிட இருந்தேன். ஆண்டவர் லைன் கொடுக்கவில்லை. அவருக்கு ஆயிரம் ஸ்தோத்திரம்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்றைக்கும் அவர் கடலில்தான் இருக்கிறார், எழுதும்போதே இரண்டு முறை போனை எடுத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் கரையா வெளிக்கடலா என்று ஆண்டவருக்கு நான் இப்போது வழி சொல்வதில்லை. உயிரை மட்டும் கேட்கிறேன். பதில் வராத ஜெபத்தோடு அழுகிற சகோதரியே, இன்னும் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். ஒரு நாள்கூடப் பொறுக்கத் தெரியாத என்னையே அவர் தள்ளவில்லை.