ஏழாம் நாள் விழுங்கிய சோற்று உருண்டை

டான்சில் எடுத்து அன்றைக்கு ஏழாம் நாள். ஆறின கஞ்சிதான் சாப்பாடு, பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஊருக்கே கேட்கிற என் வாய் மூடிக் கிடந்ததில் வீட்டுக்காரருக்கு ஏக குஷி.

மத்தியானம் தொண்டையில் ஏதோ குத்தியது. ஜாடை காட்டினேன்.

"இன்னாமே, முள்ளா?" என்றார்.

மீனைத் தொட்டே ஒரு வாரம் ஆகிறது, முள் எங்கிருந்து வரும்? ஆனால் எங்கள் தீவில் தொண்டையில் குத்தினால் அது முள்தான். மெல்லாமல் சோற்று உருண்டையை விழுங்கினால் முள் இறங்கிவிடும். மனுஷன் உருட்டி நீட்டினார், நானும் புத்தியில்லாமல் விழுங்கினேன். உள்ளே வெதுவெதுப்பாக வழிந்தது. துப்பினால், ஐயோ, அத்தனையும் ரத்தம்!

ஆஸ்பத்திரிக்குப் போகிற படகில் ஒருக்களித்துக் கிடந்தேன். தீவைச் சுற்றிய ஏரியில் கோடையில் முழங்கால் தண்ணீர்தான். பாதி வழியில் படகு தரைதட்ட, அவர் குதித்துத் தள்ளினார். வெயிலில் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. தூரத்தில் பூநாரைகள். கண்ணை மூடித் திறந்தாலும் அங்கேயே நின்றன. நாங்கள் போகிறோமா, ஏரி போகிறதா? செத்துவிடுவேன் என்று பயந்தேன். அந்தப் பயம்கூட வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. கோபம் மட்டும் என்னுடையதாக இருந்தது. பாவி மனுஷா, பிழைத்து வந்தால் உன்னை உண்டு இல்லை என்று ஆக்குகிறேன் என்று வசவுகளை மனசுக்குள் ஒவ்வொன்றாக அடுக்கினேன்.

"முழுங்காதமே, துப்பு. தூங்கிடாத. அப்பால என்னெ எவ்ளோ வோணா திட்டிக்கோ" என்று படகைத் தள்ளிக்கொண்டே கெஞ்சினார்.

அக்கரையில் ஆட்டோ பிடித்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். மறுபடி மயக்கம் கொடுத்து ரத்தத்தை நிறுத்தினார்கள். கண் விழித்தபோது டாக்டர் எதிரே நின்றார்.

"புண்ணு மேல பொருக்கு கட்டியிருக்கும், அதுதான் குத்தும். தானா உதிரணும். கெட்டியா எதையோ முழுங்கி அதப் பிச்சிட்டீங்க. இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா உயிரே போயிருக்கும். யாரு குடுத்தது?"

கட்டில் காலருகே வீட்டுக்காரர் நின்றார். முழங்கால்வரை ஏரிச் சேறு காய்ந்திருந்தது. ஒப்புக்கொள்ள வாயைத் திறந்தார். அவர் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"சோத்து உருண்டை டாக்டர். நானேதான் உருட்டி முழுங்கினேன்" என்றேன்.

அவர் அப்படியே தரையில் குந்தி, டாக்டர் பார்க்கப் பார்க்க, ஓவென்று அழுதார்.