பகலில் ஓடாத தையல் மெஷின்

என் கணவர் வீட்டை விட்டுப் போன பிறகும் அவருடைய பூட்ஸ் வாசலில்தான் இருந்தது. காலையில் நானே எடுத்து வெளியே வைப்பேன், இருட்டுவதற்கு முன் உள்ளே எடுத்து ஒளித்துவிடுவேன். மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்துப் பக்கத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் காலையில் வாசலில் பூட்ஸ் கிடந்தால் ஒரே அர்த்தம்தான்: வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறார், சத்தம் போடாதே.

எங்கள் ஊரில் சாமிக்குப் பயப்படாதவன்கூட அதற்குப் பயப்படுவான். ராத்திரி முழுக்க சுரங்கத்துக்குள் கிடந்துவிட்டு வந்தவனைப் பகலில் எழுப்புவது பாவம். கல்யாண ஊர்வலம்கூட எங்கள் லைனுக்குள் நுழைந்தால் மேளத்தை நிறுத்திவிடும். வட்டிக்காரர் எம்மாத்திரம்? பேத்தமங்களாவிலிருந்து வருகிறவர், மொபெட்டை லைன் முனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவார்.

“இன்னாம்மா, ஊட்டுக்காரரு கீறாரா?”

“தூங்கிக்கினு கீறாருங்க. நைட் ஷிப்ட்.”

“செரி, எழுப்பாத. அப்பறமா வர்றேன்” என்று கிசுகிசுத்துவிட்டுப் போவார். வட்டி மட்டும் தூங்காமல் ஏறிக்கொண்டே இருந்தது.

உள்ளே யாரும் தூங்கவில்லை. அவர் சுரங்க வேலையை விட்டு, கணக்கை முடித்து, வந்த பணத்தை வாங்கிக்கொண்டு, வேறொருத்தியோடு பெங்களூருக்குப் போய்விட்டார். எனக்கு விட்டுப்போனது இரண்டு பிள்ளைகளும் கடனும். அவர் தங்கை கல்யாணத்துக்கு வாங்கியது, பைக்குக்கு வாங்கியது, எதற்கென்றே தெரியாமல் வாங்கியது. பத்திரத்தில் அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தும் இருந்தது. போடு என்றார், போட்டேன். பைக் அவரோடு போனது. ஆள் ஓடிவிட்டான் என்று தெரிந்தால் வட்டிக்காரர் மொத்தப் பணத்தையும் என் கழுத்தில் துண்டைப் போட்டுக் கேட்பார். அதனால் என் புருஷனைத் தூங்க வைத்தேன்.

அதில் நானே மாட்டிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஒரே பிழைப்பு தையல். புருஷன் தூங்குகிற வீட்டில் பகலில் எப்படி மெஷின் ஓட்டுவது? ராத்திரி ஓட்டினால் லைனே முழித்துக்கொள்ளும். இடையில் கிடைக்கிற அந்தி நேரத்தில் எத்தனை ஜாக்கெட் தைக்க முடியும்? துணி கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். பகலெல்லாம் ஜன்னலைச் சாத்தி, பிள்ளைகளை அதட்டி, புழுக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மகளுக்கு இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமுவாள். அவரைத் திட்டுவதைக்கூடக் கிசுகிசுப்பாகத்தான் திட்ட முடிந்தது. ஓடிப்போன மனுஷன் வீட்டில் இருந்ததைவிட அதிகமாக என்னை அடக்கி ஆண்டார்.

பொய்யையாவது ஒழுங்காகச் சொன்னேனா? ஷிப்ட் வாராவாரம் மாறும் என்பது எங்கள் லைனில் பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். நான் அவரை வாரக்கணக்கில் நைட் ஷிப்டிலேயே வைத்திருந்தேன். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா, குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது, “ஊட்டுக்காரரு எப்டி கீறாரு?” என்றார். “நைட் ஷிப்ட், தூங்கறாரு” என்றேன், பழக்கதோஷத்தில்.

அக்கா குடத்தைக் கீழே வைத்தார். “எங்க ஊட்டுக்காரரும் அவரும் சுரங்கத்துல ஒரே கேங்கு. அவரு கணக்க முடிச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும்மா. லைனுக்கே தெரியும். வட்டிக்காரன் காதுல வுழக்கூடாதுன்னுதான் நாங்களும் பகல்ல ரேடியோ போடாம கீறோம்.”

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. “இத்தினி நாளு கதவத் தட்டி ஒரு வார்த்த கேட்டீங்களாக்கா?”

“தட்டுனா நீ இன்னா சொல்லியிருப்ப?”

தூங்குகிறார் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அக்கா அன்றைக்கே என்னைத் தொழிற்சங்க ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே வட்டித் தகராறுகளைப் பேசித் தீர்க்கிற ஒருவர் இருந்தார். சிடுமூஞ்சி. எல்லாம் கேட்டுவிட்டு, “வட்டிக்காரர நாளைக்கு வரச்சொல்றேன். ஆனா ஊட்டுக்காரரு போயிட்டாருன்னு அவரு முன்னாடி நீயே உன் வாயால சொல்லணும். பொய்ய நம்பி நான் பேசமாட்டேன்” என்றார்.

மறுநாள் வட்டிக்காரர் வந்தார். “உன் ஊட்டுக்காரரு எங்கம்மா?” என்று சங்கத்துக்காரர் கேட்டதும் என் வாய் தானாக, “தூங்கறாரு” என்றது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். இதைச் சொல்லிவிட்டால் அப்புறம் எனக்குப் புருஷன் இல்லை என்று தோன்றியது. அதற்கு முன்னால் மட்டும் இருந்தாரா?

“போயிட்டாரு. வரமாட்டாரு. நான்தான் கீறேன்.”

வட்டிக்காரர் எகிறினார். சங்கத்துக்காரர் அசையவில்லை. அதட்டினால் ஒன்றும் தேறாது, விட்டுப் பிடித்தால் அசலாவது வரும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் வட்டியை நிறுத்தி, அசலை மாசாமாசம் கொடுப்பதென்று முடிவானது. ஏதோ மாயம் நடந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த அசலைக் கட்டி முடிக்க எனக்கு வருஷங்கள் ஆயின. அதற்குள் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள்.

முதல் தவணைக்கு வந்த அன்று வட்டிக்காரர் மொபெட்டை முனையில் அணைக்கவில்லை. வாசல்வரை தடதடவென்று ஓட்டி வந்து, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, “இன்னாம்மா, பணம் எங்க?” என்று கத்தினார். நல்ல பகல். ஜன்னல் திறந்திருந்தது. நான் மெஷினில் இருந்தேன்.

“இருங்க, இந்த ஓரத்த முடிச்சிட்டு வர்றேன்!” என்று நானும் கத்தினேன். காலை மிதியிலிருந்து எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டில் அக்கா ரேடியோவைப் போட்டார்.