மொட்டைக்குத் தீனி

வலது தோள்பட்டை கழன்று விழுவதுபோல வலித்தது. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை, சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஈரத் தோலை இழுத்துப் போட்ட வலி. அந்த வலியோடுதான் பிராங்கிளின் திண்டுக்கல் பேகம்பூரில் இருந்த தன் அறைக்கு வந்து பாயில் சாய்ந்தான். 1999 மே மாதம், ஒரு புதன்கிழமை. தூங்கவில்லை. குடிக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. கனவு கண்டிருப்பான் என்று சொல்பவர்கள் அவனுடைய வலது கைக் கட்டைவிரலைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

அந்த வருடம், அவன் தோல் பதனிடும் வேலை பார்த்த தோல்ஷாப்பில் பாதிப் பேர் இடுப்பில் ஒரு கேம் தொங்கியது. சாவிக்கொத்து அளவு பிளாஸ்டிக் முட்டை. தாடிக்கொம்புத் திருவிழாக் கடையில் வாங்கியது. மூன்று பொத்தான், தீப்பெட்டி அகலத்தில் ஒரு திரை. உள்ளே ஒரு பூதக்குட்டி. மூன்று வேளையும் தீனி போட வேண்டும், பீயை அள்ள வேண்டும், விளக்கை அணைத்துத் தூங்கவைக்க வேண்டும். சரக்கு மட்டம்தான். பசிக்காதபோது கத்தும், பசித்தால் கத்தாது. திரையில் இடது ஓரம் ஒரு கோடு செத்திருக்கும். அதனால் எல்லார் பூதத்துக்கும் ஒரு காதுதான். ஆனாலும் விட முடியவில்லை. நாள் முழுக்க மேஸ்திரியிடம் ஏச்சு வாங்குகிறவனுக்கு, தன் கையால் ஒன்று வளர்வது பெரிய விஷயம். தீனி போட்டதும் அது திரும்பிப் பார்த்து ஒரு குதி குதிக்கும். அதற்காகவே சாப்பாட்டுக் கையைக் கழுவாமல் பொத்தானை அமுக்கியவர்கள் உண்டு.

இரண்டு முட்டையைத் தலையோடு தலை ஒட்டினால் ஒரு பாட்டு கேட்கும், பூதங்கள் சண்டை போடும்; நடுப் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்க அமுக்க அடி விழும். கூட வேலை பார்த்த இனிகோவின் பூதத்துக்குப் பெயர் மொட்டை. பிராங்கிளின் வளர்த்ததை அது எட்டுத் தடவை கொன்றிருந்தது.

"ஏலே, கோழிக்குஞ்சக் கொண்டாந்துட்டியா? இன்னைக்கு வெஞ்சனம் வச்சுருவோம்" என்பான் இனிகோ. தொட்டி ஓரமே சிரிக்கும். பிராங்கிளினும் சிரிப்பான். உள்ளே எரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இனிகோவை மஞ்சள்காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கண் இரண்டும் மஞ்சளாக, பார்க்கப் போன பிராங்கிளினிடம் தன் முட்டையை எடுத்து நீட்டினான்.

"தீனி மட்டும் போட்ரு அப்பு. எனக்கு ஏலல."

"சரிலே. நான் பாத்துக்கிறேன்."

தோல்ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் படுத்துவிட்டால் அவன் பங்குத் தோலைக் கூட்டாளி இழுப்பான். கேட்டுவிட்டால் மறுக்கக் கூடாது. ஏற்றுக்கொண்டால் விடக் கூடாது.

பிராங்கிளின் விட்டான். மறந்து அல்ல, வேண்டுமென்றே. ஞாயிறு ராத்திரி போடவில்லை. திங்கள் போடவில்லை. செவ்வாய் முழுக்க மொட்டை சுருண்டு கிடப்பதை எடுத்து எடுத்துப் பார்த்தான். சாகவில்லை.

புதன் மதியம் 3.05. சுவர்க் கடிகாரம் எதிரே இருந்தது. பொறுமை போய், பின்மூடியை நெம்பி வாட்ச் செல்லைத் தோண்டி எடுத்தான். திரை வெளுத்தது.

"செத்துப் போ" என்றான்.

3.10.

கீச்... கீச்...

தன்னுடையதாக இருக்கும் என்று ஜன்னலைப் பார்த்தான். அவன் முட்டை அங்கே சும்மா கிடந்தது. சத்தம் பாயில் இருந்து வந்தது. செல் ஒரு பக்கம், முட்டை ஒரு பக்கம். மூடி திறந்தபடி.

திரையில் மொட்டை நின்றது. சுருண்டு அல்ல, நிமிர்ந்து.

இரண்டு காதோடு.

ஜன்னலில் சண்டைப் பாட்டு ஆரம்பித்தது. ஒட்டவே இல்லை. நடுவில் நாலடி தூரம்.

டிக்.

மொட்டையின் நடுப் பொத்தான் உள்ளே அமுங்கியது. தானாக. மறுபடி மேலே வந்தது.

டிக்.

ஜன்னலில் இவன் பூதம் துள்ளி விழுந்தது. இவன் கட்டைவிரல் மூட்டில் ஆணி இறங்கியதுபோல ஒரு குத்து.

மொட்டையின் முட்டையை எடுத்து ஓடிப்போய்த் தண்ணீர்க் குடத்தில் போட்டான். தண்ணீருக்குள்ளிருந்து கேட்டது.

டிக்... டிக்...

சாகும் நிலைக்கு வந்ததும் அடி நின்றது. இவன் பூதம் மூச்சு வாங்கி எழுந்தது. எழும்வரை மொட்டை காத்திருந்தது.

பிறகு மறுபடியும் அடித்தது.

கதவு திறந்துதான் இருந்தது. ஓடாமல் இரண்டு கையாலும் குடத்தின் வாயைப் பொத்தினான்.

"இனிகோ... வேணாம்லே..."

டிக்.

3.40.

நின்றது.

குடத்துக்குள் எட்டிப் பார்த்தான். மொட்டை இவனையே பார்த்தது. பக்கத்தில் ஒரு காலித் தட்டு.

திரை வெளுத்தது.

நாலரை மணிக்கு முகமது பாரூக் சைக்கிளில் வந்தான். அவனும் அதே தொட்டியில் வேலை பார்ப்பவன். வாசலில் நின்றே சொன்னான்: "இனிகோ போயிட்டாம்ப்பா."

மறுநாள் கல்லறையில் மண் போட்ட பிறகு, இனிகோவின் அக்கா ஆனந்தமேரி பிராங்கிளினைத் தனியாகக் கூப்பிட்டாள். அழுது வற்றிய முகம்.

"மூணு பத்துக்கு உசுரு போச்சு தம்பி. டாக்டரு பாத்துட்டு, நெஞ்சு நின்னுருச்சுன்னு துணியப் போத்திட்டுப் போயிட்டாரு. ஆனா அந்த வலது கட்டவெரலு மட்டும்... துணிக்கடியில எதையோ அமுக்கிக்கிட்டே இருந்துச்சு. நாந்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். நிக்கல. மூணு நாப்பதுக்குத்தான் அடங்குச்சு."

பிராங்கிளின் தன் கையைச் சட்டைப் பைக்குள் மறைத்தான். நேற்றிலிருந்து அந்த விரல் மடங்கவில்லை. இன்றுவரை மடங்கவில்லை.

"உங்கிட்ட என்னமோ குடுத்து வச்சானாமே. பசிக்கும், பசிக்கும்னு மூணு நாளும் அதே பேச்சு. போட்டியாப்பா?"

"போட்டேங்க்கா."

அன்றே புதுச் செல் வாங்கிப் போட்டான். திரை எரியவில்லை. திண்டுக்கல்லில் வாட்ச் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினான். எரியவில்லை. ஞாயிறு ஒன்று, திங்கள் மூன்று, செவ்வாய் மூன்று, புதன் இரண்டு. பிராங்கிளின் இனிகோவுக்குத் தர வேண்டியது ஒன்பது வேளைத் தீனி.